பச்சை ஆமையின் சேட்டைகள்: பாசமா, பசியா?

கேள்வி (12 ஜனவரி 2024)

"சென்னை கொளத்தூரில் வாங்கிய பச்சை ஆமை. காதுப் பக்கம் சிவப்புக் கோடு இருக்குமே, சிவப்புக் காது ஆமை, அந்த வகை. நான் டேங்க் பக்கம் போனாலே கண்ணாடியில் முட்டி முட்டி நீந்துகிறது. முன்னங்கையை வேறு ஆட்டுகிறது. என் மனைவி போனால் கண்டுகொள்வதே இல்லை. அதற்கு என்மேல் பாசம் என்கிறேன் நான். பசி என்கிறாள் அவள். ஆமை வளர்ப்பவர்கள் தீர்ப்பு சொல்லுங்கள்."

13 ஜனவரி 2024, காலை

தீர்ப்பு உங்கள் மனைவி பக்கம். தீனி போடுவது யார்? நீங்கள்தானே. அவ்வளவுதான் விஷயம்.

சோதித்துப் பார்க்க வேண்டுமென்றால், கொஞ்ச நாள் தீனி டப்பாவை அவரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் சும்மா போய் டேங்க் முன்னால் உட்காருங்கள். பாசம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும்.

13 ஜனவரி 2024, இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டுப் போனேன். "பசிதான்" என்றால் ஆமைக்கு ஒன்றும் தெரியாது என்று அர்த்தமில்லை. அதன் கண் நம்முடையதைவிட ஒரு படி மேல். நமக்கு நிறம் பிரிக்கும் செல்கள் மூன்று வகை, இந்த ஆமைக்கு நான்கு. நமக்குத் தெரியாத புற ஊதா ஒளியும் அதற்குத் தெரியும். ஆகவே ஆளை, சட்டையை, டப்பாவைப் பிரித்துப் பார்க்க அதனால் முடியும்.

என் வீட்டில் இருப்பது இரண்டு. பெரியவள் அம்புஜம், சாப்பாட்டுத் தட்டு அகலம். சின்னவன் சுப்பு, அவளில் பாதி. பெல்லட் (கடையில் விற்கும் ஆமைத் தீனி உருண்டை) டப்பாவின் மூடி சிவப்பு. அந்த மூடியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு போனாலும் அம்புஜம் தண்ணீரைக் கலக்கிவிடுவாள். மூடியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு போனால் முதலில் என் கையைத்தான் பார்க்கிறாள், அப்புறம் முகத்தை. மனசு கொஞ்சம் உடையும், பழகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. "போதும், வயிறு நிறைந்துவிட்டது" என்று இந்த ஆமை ஒருநாளும் சொல்லாது. காட்டில் அடுத்த வேளை எப்போது என்று தெரியாமல் வாழ்ந்த பிராணி, கிடைக்கும்போதெல்லாம் தின்னும். கெஞ்சலுக்கு மசிந்தால் கால் இடுக்கில் கொழுப்பு பிதுங்கும், ஓட்டுக்குள் தலையை இழுக்க முடியாமல் திணறும். அதன் தலை அளவுக்கு பெல்லட், வளர்ந்ததுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மற்ற நேரம் கீரை.

20 ஜனவரி 2024

கண்ணாடியில் முட்டுவதைப் பற்றிப் பலர் கேட்டுவிட்டீர்கள். அதை ஒரே காரணத்தில் அடக்க முடியாது. ஆள் வந்தால் மட்டும் முட்டினால் தீனிக்காக. ஆள் இல்லாதபோதும் விடாமல் ஒரே மூலையில் துழாவினால் வேறு கதை: டேங்க் போதவில்லை, தண்ணீர் கெட்டிருக்கிறது, ஏறி உட்கார இடமில்லை, அல்லது பெண் ஆமை முட்டையோடு இருக்கிறது. பழைய மொபைலை எதிரே நிறுத்தி வீடியோ ஓடவிட்டு, நீங்கள் வேலைக்குப் போங்கள். நீங்கள் இல்லாத நேரத்து ஆமைதான் உண்மையான ஆமை.

இடம் என்றதும் கணக்கு கேட்பீர்கள். ஓட்டின் நீளம் ஒரு அங்குலத்துக்குச் சுமார் 40 லிட்டர் தண்ணீர் என்பது வளர்ப்பவர்கள் பல காலமாகச் சொல்லும் கணக்கு. பத்து அங்குல ஆமைக்கு 400 லிட்டர். கடையில் ஆமையோடு சேர்த்துத் தரும் பிளாஸ்டிக் டப்பா, அந்தத் தென்னை மர பொம்மை வைத்தது, ஆமையை வீட்டுக்குக் கொண்டுவர மட்டும் உதவும்.

2 பிப்ரவரி 2024

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். டப்பா மனைவி கைக்குப் போனபின் ஆமையும் கட்சி மாறிவிட்டதாம். ஆழ்ந்த அனுதாபங்கள்.

அவர் கேட்டதில் நான் இன்னும் தொடாத விஷயம், கை ஆட்டுவது. இதை "குட்மார்னிங் சொல்றான்" என்று தலைப்புப் போட்டு ஒரு அக்கா வீடியோ அனுப்பியிருந்தார். அக்கா, அது குட்மார்னிங் இல்லை. ஆண் ஆமை பெண்ணின் முகத்துக்கு நேரே வந்து, இரண்டு முன்னங்கைகளையும் நீட்டி, புறங்கை உள்பக்கம் பார்க்க, நீண்ட நகங்களை அவள் கன்னத்தருகே படபடவென்று அதிரவிடும். அவள் முன்னே வர வர இவன் பின்னோக்கி நீந்திக்கொண்டே அதிரவிடுவான். இதுதான் அவர்கள் ஊர் பெண் பார்க்கும் படலம்.

சுப்பு இதை அம்புஜத்திடம் செய்வான், அவள் ஒரு கடி வைப்பாள். அப்புறம் ஃபில்டர் குழாயிடம் போய்ச் செய்வான். குழாய் கடிப்பதில்லை.

வயசுக்கு வராத குட்டிகளும், சில சமயம் பெண்களும் இதே மாதிரி நகம் ஆட்டுவதுண்டு. அதனால் கை ஆட்டுகிறது, ஆகவே ஆண் என்று முடிவுகட்ட வேண்டாம். வளர்ந்த ஆணுக்கு முன்னங்கை நகம் நீளம், வால் தடித்து நீண்டிருக்கும், கழிவுத் துவாரம் ஓட்டின் விளிம்பைத் தாண்டி வாலில் இருக்கும். பெண்ணுக்கு நகம் குட்டை, வால் குட்டை, உடம்பு பெரிசு. ஓட்டின் அடித்தட்டு பத்து சென்டிமீட்டர் ஆகும்வரை உறுதியாகச் சொல்ல முடியாது. கடைக்காரர் தீப்பெட்டி அளவு குட்டியைக் காட்டி "இது ஆண், இது பெண், ஜோடியா எடுத்துக்குங்க" என்றால் சிரித்துவிட்டு வாருங்கள்.

குட்டி ஆணா பெண்ணா என்பது முட்டை இருந்த மண்ணின் சூட்டில் முடிவாகிறது. 26 டிகிரி செல்சியஸ் பக்கம் என்றால் ஆண், 31 பக்கம் என்றால் பெண்.

18 பிப்ரவரி 2024

வெயில் காய்வது. எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

மொட்டை மாடியில் பழைய சிமென்ட் தொட்டி, நடுவில் சாய்வாக ஒரு பலகை. காலையில் அம்புஜம் முதலில் மூக்கை மட்டும் வெளியே நீட்டி நிலவரம் பார்ப்பாள். அப்புறம் நகம் பலகையில் கரகரவென்று உரசும் சத்தம், மூச்சு விடும் ஒரு "உஸ்". ஏறியதும் கொஞ்ச நேரம் அசையவே மாட்டாள். ஈரமாக இருக்கும்வரை கரும்பச்சையாக மின்னிய ஓடு, விளிம்பிலிருந்து காய்ந்து சாம்பல் நிறமாக மாறும். அதற்குப் பிறகுதான் ஆட்டம். பின்னங்கால்கள் இரண்டையும் அந்தரத்தில் நேராக நீட்டி, விரல்களை அகல விரித்து, இடையிலுள்ள சவ்வு தெரிய, கழுத்தை முழுசாக நீட்டிக்கொண்டு ஒரு கண்ணை மூடுவாள். காக்கையின் நிழல் மேலே போனால் போதும், தொப்பென்று தண்ணீருக்குள்.

கால் நீட்டுவதைப் பார்த்து "வலிப்பா?" என்று பயந்து கேட்டவர்கள் இருக்கிறார்கள். வெயில் படும் பரப்பைக் கூட்டிக்கொள்கிறது, வேறொன்றுமில்லை. ஆமைக்கு உடம்புச் சூடு வெளியிலிருந்துதான் வரவேண்டும். சூடு ஏறினால்தான் தின்றது செரிக்கும், கிருமியோடு போராடும் தெம்பும் வரும். வெயிலில் உள்ள புற ஊதா பி கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி3 உண்டாகிறது. அது இல்லாமல் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பில் ஏறாது. ஓடு மெத்தென்று ஆவதும், விளிம்பு மேல்நோக்கி வளைவதும், கால் கோணுவதும் இதனால்தான்.

"எங்கள் டேங்க் ஜன்னல் ஓரம், நல்ல வெயில் வரும்" என்கிறார் ஒருவர். சார், வெளிச்சம் வரும், சூடும் வரும். அந்தக் கதிர் சாதாரணக் கண்ணாடியைத் தாண்டாது. ஜன்னலைத் திறங்கள், அல்லது அந்தப் புற ஊதா பி கதிர் தரும் யூவிபி பல்பு வாங்குங்கள். பல்பு எரிகிறது என்பதற்காக அதில் கதிர் இருக்கிறது என்று நினைக்க வேண்டாம், வெளிச்சத்துக்கு முன்பே கதிர் தீர்ந்துவிடும். அட்டையில் போட்ட காலம் முடிந்ததும் மாற்றிவிடுங்கள்.

ஓட்டிலிருந்து மெல்லிய கண்ணாடித் தாள் மாதிரி செதில் உரிவது இந்த வகைக்கு இயல்பு. வெயில் காய்ந்தால் நன்றாக உரியும். நகத்தால் நெம்பி எடுக்காதீர்கள். உரிந்த இடத்தில் வெள்ளையாக, மெத்தென்று, நாற்றத்தோடு இருந்தால் மட்டும் மருத்துவரிடம் போங்கள்.

10 மார்ச் 2024

"ஆமைக்குக் காது கிடையாது, செவிடு" என்று ஒரு தம்பி அடித்துச் சொல்கிறார். வெளிக்காது இல்லை, அவ்வளவுதான். கண்ணுக்குப் பின்னால், அந்தச் சிவப்புக் கோடு ஓடும் இடத்தில், தோலுக்கு அடியில் வட்டத் தட்டு ஒன்று இருக்கிறது. அதற்குப் பின்னால் காற்று நிரம்பிய அறை. தண்ணீருக்கு அடியில் அது அதிர்ந்து ஒலியைப் பிடிக்கும். இந்தச் சிவப்புக் காது ஆமையையே வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள்: தண்ணீருக்குள்தான் அதற்கு நன்றாகக் கேட்கிறது, அதுவும் 500 ஹெர்ட்ஸ் பக்கமுள்ள தாழ்ந்த ஒலி. நீங்கள் "செல்லம்" என்று கொஞ்சுவதைவிட உங்கள் ஏர் பம்ப்பின் உறுமல் அதற்கு நன்றாகவே கேட்கும். பம்ப்பைக் கண்ணாடிமேல் ஒட்டி வைக்காதீர்கள்.

பேசுமா என்று கேட்டால், 2022-இல் வந்த ஒரு ஆய்வில் ஊமை என்று நினைத்திருந்த 53 வகைப் பிராணிகளின் ஒலியைப் பதிவு செய்தார்கள், அதில் பெரும்பாலானவை ஆமைகள். என் தொட்டியில் என் காதுக்கு எட்டுவது அந்த "உஸ்" மட்டும்தான். அது கோபச் சீறல் என்று எல்லோரும் நினைக்கிறோம். தலையை உள்ளே இழுக்கும்போது நுரையீரல் நசுங்கிக் காற்று வெளியேறும் சத்தம் அது. பயந்த சத்தம் என்று சொல்லலாம்.

உள்ளே இழுப்பது என்றதும் வள்ளுவர் ஞாபகம் வருகிறது. ஆமைபோல் ஐந்தடக்கச் சொன்னார். எங்கள் அம்புஜத்துக்கு அது முழுசாக வராது. தலையை மடக்குவாள், தொடைச் சதை வெளியே நிற்கும். நம் ஊர்க் குளத்துப் பாலாமைக்குப் பின்னங்காலை மூட அடியில் தனி மடலே இருக்கிறது. அதைப் பார்த்தவர் எழுதிய குறளாக இருக்கலாம் என்பது என் கட்சி. தமிழாசிரியர்கள் அடிக்க வராதீர்கள்.

28 ஏப்ரல் 2024

வெயில் நல்லது என்று பிப்ரவரியில் எழுதியதைச் சித்திரை மாதத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆமைக்கு வியர்க்காது. கண்ணாடி டேங்க்கையோ பிளாஸ்டிக் டப்பையோ மாடியில் வெயிலில் வைத்துவிட்டு ஒரு போன் பேசி முடிப்பதற்குள் தண்ணீர் சுட்டுவிடும். தொட்டியில் பாதிக்கு மேல் நிழல், ஆழமான தண்ணீர், இரண்டும் கட்டாயம். நான் தென்னங்கீற்று போட்டிருக்கிறேன். காலை வெயில் போதும், மத்தியான வெயில் வேண்டாம்.

19 மே 2024

ஜனவரியில் "முட்டையோடு இருக்கலாம்" என்று ஒரே வார்த்தையில் தாண்டியது இப்போது வீட்டிலேயே நடந்தது. அம்புஜம் தீனியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். சிவப்பு மூடியைக் காட்டினாலும் அசையவில்லை. இரவெல்லாம் தொட்டிச் சுவரைப் பிறாண்டினாள். வெளியே விட்டதும் நேராகத் துளசித் தொட்டிக்கு அடியில் கொட்டியிருந்த மண் குவியலுக்குப் போனாள்.

பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள். முன்னங்காலைத் தொடவே இல்லை, தோண்டுவது முழுக்கப் பின்னங்கால்கள்தான். வலது கால் ஒரு பிடி மண்ணை அள்ளி வெளியே வைக்கும், இடது கால் அடுத்த பிடி. மாறி மாறி, திரும்பிப் பார்க்காமல். மண் காய்ந்திருந்தால் உடம்பிலிருந்து தண்ணீரை விட்டு நனைத்துக்கொள்கிறது. குழி குடுவை மாதிரி, வாய் குறுகி உள்ளே அகன்றது. ஒவ்வொரு முட்டை விழுந்ததும் பின்னங்காலால் அதைத் தடவி ஓரமாக நகர்த்தி வைத்தாள். நீள்வட்டமாக, வெள்ளையாக, நம் பெருவிரல் மேல்பகுதி அளவு.

ஆண் துணையே இல்லாமல் வளரும் பெண்ணும் முட்டை போடும், கோழி போடுவது போல. குஞ்சு வராது. ஆனால் இடம் கிடைக்காமல் அடக்கி வைத்தால் உள்ளேயே சிக்கி உயிருக்கு ஆபத்து. தீனி மறுத்து, பிறாண்டல் ஓய்ந்து, சுருண்டு கிடந்தால் எக்ஸ்ரே எடுக்கும் கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள். ஆமை பார்க்கத் தெரிந்தவரா என்று முதலில் போனில் கேட்டுக்கொள்வது நல்லது. பெண் ஆமை வைத்திருந்தால் ஒரு டப்பு மண், ஒரு முழம் ஆழத்துக்கு, எப்போதும் தயாராக இருக்கட்டும்.

(இரண்டு இருப்பதால் குஞ்சு பொரிக்க வைத்தீர்களா என்று கேட்பவர்களுக்கு: இல்லை. இருக்கிற இரண்டுக்கே தண்ணீர் மாற்றி இடுப்பு போய்விட்டது.)

16 ஜூன் 2024

"இரண்டு நாளா மிதந்துக்கிட்டே தூங்குது சார், ஒரு பக்கமா சாஞ்சு, ரொம்ப க்யூட்."

க்யூட் இல்லை. சாய்ந்து மிதந்து, அடியில் போக முடியாமல் தவித்து, மூக்கில் குமிழி விட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது பெரும்பாலும் நிமோனியா. இன்றே மருத்துவர். ஆமை நோயை மறைக்கும் பிராணி. வெளியே தெரியும்போது உள்ளே நிறைய நடந்திருக்கும்.

கண் வீங்கி மூடிக்கொண்டால் பெரும்பாலும் வைட்டமின் ஏ குறைவு. காய்ந்த இறால் டப்பாவை மட்டும் வருஷக்கணக்கில் போட்ட வீடுகளில் அடிக்கடி பார்க்கலாம். அது நொறுக்குத் தீனி, சாப்பாடு இல்லை. குட்டியாக இருக்கும்போது புழு, மீன், இறால் என்று அசைவம் தேடும். வளர வளரத் தழைக்கு மாறும். முருங்கைக்கீரை, ஆகாயத்தாமரை, துருவிய கேரட் எல்லாம் போடலாம். சோறு, பிரெட், பிஸ்கட் வேண்டாம். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்று கேட்டால் கணவாய் ஓடு தருவார்கள். ஒரு துண்டை மிதக்கவிட்டால் கொறித்துக்கொள்ளும், சுண்ணாம்புச் சத்துக்கு அது போதும்.

தட்டில் வைத்தால் ஏன் தின்பதில்லை என்று கேட்டவருக்கு: தண்ணீர் இல்லாமல் இந்த வகையால் விழுங்க முடியாது. நாக்கு அசைந்து உணவைத் தள்ளாது, தண்ணீரோடு உறிஞ்சித்தான் உள்ளே தள்ளும்.

7 ஜூலை 2024

"தனியா இருந்து ஏங்குது, இன்னொன்று வாங்கவா?"

வேண்டாம். ஏங்குவது நீங்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏறி வெயில் காயும் படங்களைப் பார்த்துவிட்டு நட்பு என்கிறோம். பலகையில் இடம் அவ்வளவுதான், மேலே இருப்பவனுக்குக் கூடுதல் வெயில். சுப்பு அம்புஜத்தின் முதுகில் ஏறுவது அந்த வகையில்தான். இரண்டு ஆண்களைச் சின்ன டேங்க்கில் விட்டால் வாலும் பின்னங்காலும் கடிபடும். நான் கூட சுப்புவை வருஷத்தில் பெரும்பாலான நாள் தனி டப்பில்தான் வைக்கிறேன். அவன் தொல்லை தாங்காமல் அவள் வெயில் காயாமலே கிடந்தாள். பிப்ரவரியில் அதைச் சிரிப்பாக எழுதியிருந்தேன், அவளுக்கு அது சிரிப்பு இல்லை.

அப்புறம், ஓட்டில் பெயிண்ட் அடித்துப் பேர் எழுதிய படம் ஒன்று பார்த்தேன். ஓடு சட்டை இல்லை. முதுகெலும்பும் விலா எலும்பும் சேர்ந்து ஆனது, நரம்பு ஓடுகிறது, தொட்டால் தெரியும். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் அம்புஜத்தின் பின்பக்க ஓட்டைத் தேய்த்தால் இடுப்பை ஆட்டுவாள். பிடித்து ஆடுகிறாளா, விடு என்று ஆடுகிறாளா? தெளிவாகச் சொல்பவர் யாராவது இருந்தால் எழுதுங்கள். நான் அவள் விலகிப் போனால் நிறுத்திவிடுகிறேன்.

25 ஆகஸ்ட் 2024

வருஷாவருஷம் வரும் கேள்வி. "பெரிசாகிவிட்டது, கோயில் குளத்தில் விட்டுவிடலாமா?"

விடாதீர்கள். இது மிசிசிப்பி ஆற்றுப் பக்கத்து அமெரிக்க ஆமை. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்ற பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இறக்குமதியை நிறுத்தியது. கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் நீர்நிலைகளில் இது தென்பட்டதும், பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைச் சேகரிக்க இறங்கியது. குளத்தில் விட்டால் நம் பாலாமைக்கும் காரையாமைக்கும் வெயில் காயும் இடத்திலிருந்து தீனி வரை போட்டி. நோயும் தொற்றும்.

அதற்காகக் குளத்து ஆமையைப் பிடித்து வளர்க்கலாமா என்றால் அது இன்னும் பெரிய சிக்கல். பாலாமை, நட்சத்திர ஆமை எல்லாம் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. வீட்டில் வைத்திருந்தாலே வழக்கு. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் என்று பெரியவர்கள் சொன்னது இந்த விஷயத்தில் மட்டும் பலிக்கும், இரண்டும் ஒரே நாளில் புகும்.

"இது இவ்வளவுதான் வளரும்" என்று சொல்லி விற்பதில்தான் எல்லாம் ஆரம்பிக்கிறது. பெண் ஒரு அடி வரை வளரும். முப்பது வருஷம் இருக்கும். வாங்கிக் கொடுத்த பையனுக்குக் கல்யாணம் ஆகும்போதும் ஆமை இருக்கும். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமையை விற்க 1975-இல் தடை போட்டார்கள். குழந்தைகள் குட்டி ஆமையை வாயில் வைத்து வயிற்றைக் கெடுக்கும் சால்மோனெல்லா கிருமி தொற்றியதுதான் காரணம். நம் வீட்டிலும் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். டேங்க் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டாதீர்கள்.

வைத்துக்கொள்ள முடியாதவர்கள் பெரிய தொட்டி உள்ள இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுங்கள். இந்த இழையிலேயே கேட்கலாம்.

8 டிசம்பர் 2024

மழையும் பனியும் சேர்ந்ததும் "சாப்பிடவில்லை, குளிர்காலத் தூக்கமா?" என்று நாலைந்து பேர். அது பிறந்த ஊரில் குளிர் கடுமையான இடங்களில் அது சேற்றில் கிடக்கும். சென்னையில் அதற்கு அவசியமில்லை. தண்ணீர் குளிர்ந்தால் பசி குறையும், அவ்வளவுதான். 24 டிகிரிக்குக் கீழே போனால் ஹீட்டர் போடுங்கள். கண்ணாடி ஹீட்டர் என்றால் மேலே ஒரு கூண்டு மாட்டுங்கள், அம்புஜம் மாதிரி ஆள் ஒரே இடியில் உடைத்துவிடுவாள். ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்கு ஹீட்டர் வருஷம் முழுக்க.

11 ஜனவரி 2025

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் கேட்கிறீர்கள். வளர்ந்த, ஆரோக்கியமான ஆமை ஒரு வாரம் தீனி இல்லாமல் தாராளமாக இருக்கும். குட்டி என்றால் யாரிடமாவது ஒப்படையுங்கள். ஃபில்டர் ஓடட்டும், பல்புக்கு ஒரு டைமர் மாட்டுங்கள், கொஞ்சம் ஆகாயத்தாமரை மிதக்கவிடுங்கள். டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். "பாவம், பார்த்துக்கிட்டே இருந்துச்சு" என்று மொத்தத்தையும் கொட்டிவிடுவார்கள், திரும்பி வந்து தண்ணீர் மாற்றப்போவது நீங்கள்.